செய்தியும் பந்தாட்டமும் அம்மாவின் தொடரும்

ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீட்டில் கட்டாயம் அரசியல் இருக்கும். எங்கள் வீட்டில் அது மூன்று கட்சி அரசியல். செய்தி என் கட்சி. பந்தாட்டம் அப்பாவின் கட்சி. மாலையில் தொடங்கி இரவுச் சோறு ஆறும் வரை ஓடும் தொடர் நாடகம் அம்மாவின் கட்சி. அப்பா 1993-இல் மறைந்தபோது அவருடைய கட்சியின் பொறுப்பும் என் தலைமேல் வந்தது. இரண்டு கட்சிகள் ஒன்றானபின் எனக்கே பெரும்பான்மை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஆயினும் ரிமோட் அம்மாவின் மடியை விட்டு அகலவில்லை.

இம்மூன்றைப் பற்றியும் நான் பல மேடைகளில் கருத்துரைத்திருக்கிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் கருத்துரைக்காமல் இருக்க முடியாது. அது தொழில் தந்த நோய். சொன்னவற்றுள் சிலவற்றை இன்றும் சொல்வேன். சிலவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெற்றுக்கொள்ள வேண்டிய இடத்தில் அப்பா இல்லை என்பதால் எழுத்தில் அதைச் செய்கிறேன்.

1980-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்கள் கோலாலம்பூருக்குப் புறப்பட்டோம். மெர்டேக்கா அரங்கில் மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். எதிரே தென் கொரியா. அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. திருமணத்துக்கும் தைப்பூசத்துக்கும் மட்டுமே அணியும் வெள்ளைச் சட்டையை அன்று அணிந்திருந்தார். எனக்கு இருபத்தாறு வயது; பயிற்சி முடித்துப் பக்கத்துத் தோட்டப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. லாரியில் நின்றவர்களில் பாதிப் பேர் கோல்காவலர் ஆறுமுகத்தைக் காணவே வந்தவர்கள். நீண்ட கைகளால் பந்தை எட்டிப் பிடிக்கும் அவரை நாடே ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைத்தது. எங்கள் லாரியில் அவர் வெறும் ‘நம்ம ஆறுமுகம்’.

ஒன்றுக்கு ஒன்று என்று நின்ற ஆட்டம் முடியும் தறுவாயில், சபாவிலிருந்து வந்த ஹசான் சானி பந்தைத் தர, அதே சபாவின் ஜேம்ஸ் வோங் வலைக்குள் அடித்தார். அதன்பின் நடந்தவை எனக்குக் கோவையாக நினைவில்லை. எனக்கு முன்பின் அறிமுகமில்லாத ஒரு மலாய்க்காரப் பெரியவர் என் அப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பாவும் அழுதார். எதற்கென்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. அப்பாவின் மலாய் சந்தைக்கு மட்டுமே போதுமானது. பதினொரு பேரில் சீனர் எத்தனை, மலாய்க்காரர் எத்தனை, இந்தியர் எத்தனை என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் நம் நாட்டில் எல்லாருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. அன்று இரவு யாரும் எண்ணியதாக எனக்குத் தோன்றவில்லை. லாரி திரும்பி வந்தபோது நள்ளிரவு கடந்திருந்தது. மறுநாள் விடியற்காலைப் பெரட்டுக்கு அப்பா எழவில்லை. ஒரு நாள் கூலி போயிற்று.

பிறகு செய்தி வந்தது. சோவியத் படைகள் 1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து, அமெரிக்காவின் அழைப்பை ஏற்று அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் மாஸ்கோவுக்குப் போகவில்லை. மலேசியாவும் போகவில்லை. நம் இடத்தில் ஈராக் ஆடியது.

எனக்கும் அப்பாவுக்கும் வாழ்நாளில் நடந்த பெரிய வாக்குவாதம் அதைப் பற்றியதுதான். நான் கொள்கை பேசினேன். சிறிய நாட்டைப் பெரிய நாடு விழுங்கும்போது நாம் அங்கே போய் விளையாடிக்கொண்டிருப்பது முறையா என்று கேட்டேன். நாளிதழ்த் தலையங்கத்தில் படித்ததை என் கருத்தாகவே நம்பிப் பேசினேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “வாத்தியாரே, ஆறுமுகம் போகலைன்னா ருசியாக்காரன் துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிருவானா?” என்றார். நான் ஆசிரியர் பணியில் சேர்ந்ததிலிருந்து, கோபம் வந்தால் அவர் என்னை அப்படித்தான் அழைப்பார். “விளையாட்டையும் அரசியலையும் பிரிக்க முடியாது அப்பா” என்றேன். “அவனவன் வேர்வை சிந்தி வாங்குனத, சிந்தாதவன் வேணாம்னு சொல்லிட்டான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்” என்று சொல்லி எழுந்துபோனார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தோட்டத்துக் கிராணி உட்படப் படித்தவர்கள் எல்லாரும் என் பக்கம் இருந்தார்கள். வென்றது நான் என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

ஆறுமுகம் 1988 டிசம்பரில் சாலை விபத்தில் மாண்டார். வயது முப்பத்தைந்து. அப்போது நாங்கள் தோட்டத்தை விட்டு வந்து பட்டணத்து ஓரத்தில் மலிவு விலை அடுக்குமாடியொன்றில் குடியேறியிருந்தோம். அப்பா ‘தமிழ் நேச’னை நெடுநேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, “ருசியாக்காரன் இன்னும் அங்கதான் இருக்கானா?” என்று கேட்டார். “போய்க்கொண்டிருக்கிறான் அப்பா” என்றேன். கடைசிச் சோவியத் வீரன் ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறியது 1989 பிப்ரவரியில். ஆறுமுகம் இரண்டு மாதம் முந்திக்கொண்டார்.

புறக்கணிப்புக்குத் தலைமை தாங்கிய அமெரிக்காவே 2001-இல் அதே நாட்டுக்குள் படையை அனுப்பி 2021 வரை இருந்தது. அந்த இருபது ஆண்டும் செய்தி பார்க்கும்போதெல்லாம் அப்பாவின் கேள்வி என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அதற்காக விளையாட்டு தூய்மையானது, அரசியல் அதைத் தீண்டக்கூடாது என்று இன்று நான் சொல்ல மாட்டேன். உக்ரைன்மீது 2022-இல் ருசியா படையெடுத்ததும் உலகக் காற்பந்து அமைப்பு ருசிய அணியை விலக்கி வைத்தது. அது சரி என்றே கருதுகிறேன். படையெடுத்தவனை ஆடவிடாமல் நிறுத்துவது ஒன்று. படையெடுக்காத ஏழை நாட்டு இளைஞர்களை வீட்டில் உட்கார வைத்து அதை வீரம் என்று சொல்லிக்கொள்வது வேறு. 1980-இல் தண்டனை பெற்றவர்கள் நம்மவர்கள். இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ள எனக்கு நாற்பது ஆண்டு பிடித்தது. அப்பாவுக்கு ஒரு நாள்கூடப் பிடிக்கவில்லை.

இந்தக் கதையைத் தழுவி 2016-இல் ‘ஓலா போலா’ என்னும் திரைப்படம் வந்தது. அதில் கோல்காவலரின் பெயர் முத்துகுமார். திரையரங்கில் என்னைச் சுற்றி எல்லா இனத்து இளைஞரும் கண் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் படத்தைப் பார்த்ததை விட அவர்களைப் பார்த்ததே அதிகம்.

தோட்டத்து ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் திடலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஒவ்வொரு தோட்டத்திலும் கோயில், பள்ளி, கள்ளுக்கடை, திடல் ஆகிய நான்கும் இருந்தன. கள்ளுக்கடையால் வந்த கேட்டைப் பற்றி நம் எழுத்தாளர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். திடலால் வந்த நன்மையை யாரும் போதிய அளவு எழுதவில்லை. மாலை நான்கு மணிக்குத் துரை பங்களாவுக்குக் கீழே இருந்த அந்தப் புல்வெளியில் ஒரு பந்து, இருபத்திரண்டு வெறுங்கால்கள் (எண்ணிக்கை தவறு என்று மாணவர்கள் சொல்வார்கள், ஆளுக்கு ஒரு காலில்தான் துணி சுற்றியிருக்கும், மற்றது வெறுங்கால்). தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புக்கும் செம்பனைக்கும் போனபோது மக்கள் பட்டணத்து விளிம்புக்கு வந்தார்கள். கோயிலைக் கூடவே தூக்கி வந்தார்கள். பள்ளிக்காகப் போராடினார்கள். திடலுக்காக யாரும் மனுக் கொடுக்கவில்லை. எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே வண்டி நிறுத்தும் இடம் இருக்கிறது. பையன்கள் அங்கே நிற்கிறார்கள். நின்றுகொண்டிருக்கும் பையன்களுக்கு என்ன நேரும் என்பதைச் செய்தியில் பார்க்கலாம்.

புக்கிட் ஜாலில் தேசிய அரங்கைத் தொலைக்காட்சியில் காணும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம் வரும். 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காக எழுப்பப்பட்ட அந்தப் பேரரங்கு நிற்கும் நிலம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். அங்கேதான் 2010 டிசம்பர் 26-ஆம் நாள் மலேசியா இந்தோனேசியாவை மூன்று கோல்களால் வென்று, பின்னர் ஜகார்த்தாவில் தோற்றும் மொத்தக் கணக்கில் தென்கிழக்காசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. பயிற்றுநர் கே. இராஜகோபால், நம்மவர். எல்லாரும் கொண்டாடினோம். அடுத்த ஆண்டே அதே புக்கிட் ஜாலில் செய்தியில் வேறு விதமாக வந்தது. தோட்டத்தில் எஞ்சியிருந்த குடும்பங்கள் லயன் வீடுகளைக் காலி செய்ய மறுத்து, தாங்கள் உழைத்த மண்ணில் வீடு கட்டிக்கொள்ள ஒரு துண்டு நிலம் கேட்டுப் போராடின. அரங்கில் கைதட்டியவர்களில் எத்தனை பேர் அந்தச் செய்தியை இறுதிவரை பார்த்தார்கள்? நானே பாதியில் வேறு அலைவரிசைக்கு மாற்றினேன். வெட்கத்தோடு எழுதுகிறேன்: அன்று மாற்றியது பந்தாட்டத்துக்குத்தான்.

அதே அரங்கைப் பற்றி இன்னொன்று. 2025 ஜூனில் அங்கே மலேசியா வியட்நாமை 4-0 என்று வென்றது. செப்டம்பரில் உலகக் காற்பந்து அமைப்பு, அவ்வாட்டத்தில் இறங்கியவர்கள் உட்பட வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களின் பாட்டன் பாட்டி பிறந்த இடத்தைக் காட்டும் ஆவணங்கள் பொய்யாகத் திருத்தப்பட்டவை என்று முடிவுசெய்து அவர்களையும் சங்கத்தையும் தண்டித்தது. பாட்டன் மலாயாவில் பிறந்தவர் என்றால் பேரன் நம் கொடிக்காக ஆடலாம் என்பது விதி. நல்ல விதிதான். வெளியிலிருந்து வந்து குடியுரிமை பெற்று ஆடுகிறவர்மேல் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. நாமும் எங்கிருந்தோ வந்தவர்களே. ஆனால் அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் பெரியம்மா நினைவுக்கு வந்தார். அவர் இந்நாட்டு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்பைப் பதிவு செய்ய யாரும் பட்டணத்துக்குப் போகவில்லை. போக ஒரு நாள் கூலி செலவாகும். சாகும்வரை அவர் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. ஐந்து தேர்தல்களில் நான் அவரை வாக்குச் சாவடி வாசல் வரை அழைத்துச் சென்று, வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போயிருக்கிறேன். கூட்டத்தைப் பார்க்க அவருக்கு ஆசை. பிறந்தும் ஆவணம் இல்லாதவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்குப் பந்து நன்றாக ஆட வந்தால் என்ன செய்வோம் என்று அறிய விரும்புகிறேன்.

இனி அம்மாவின் கட்சி.

தொடர் நாடகங்களைப் பற்றி நான் மேடையில் பேசியது கடுமையான பேச்சு. ‘சித்தி’ 1999-இல் தொடங்கி ஓடிக்கொண்டிருந்த நாள்களில் எங்கள் அடுக்குமாடியில் முதல் மாடியிலிருந்து கடைசி மாடி வரை ஒரே பாட்டுத்தான் கேட்கும். அதன்பின் ‘மெட்டி ஒலி’. அதன்பின் ஆயிரத்து ஐந்நூறு பகுதிகளைத் தாண்டிய ‘கோலங்கள்’. ஓர் இலக்கியக் கூட்டத்தில் நான் இவற்றைக் ‘கண்ணீர்த் தொழிற்சாலை’ என்றேன். கைதட்டினார்கள். நான் அடுக்கிய குற்றங்களில் பல இன்றும் குற்றங்கள்தாம். அவ்வீடுகளில் யாரும் வேலைக்குப் போவதில்லை. போனாலும் நிறுவனத் தலைவராகத்தான் போகிறார்கள். ஒரு கதவு திறப்பதை மூன்று முறை காட்டுகிறார்கள். மாமியார் என்றால் நஞ்சு. மருமகள் என்றால் பொறுமை. எல்லாவற்றுக்கும் மேலாக, அது சென்னையின் வாழ்க்கை. நம் பிள்ளைகள் பார்த்தறியாத தெருக்களின் சண்டையை நம் பிள்ளைகள் தம் சண்டையாக எண்ணுகிறார்கள். நம்மிடையே பெரட்டும் ஆயாக் கொட்டகையும் வெட்டுக்காடும் இருந்தன. அவை நம் திரையில் எங்கே என்று கேட்டேன்.

கேட்டது நியாயமே. நம் வானொலி நாடகத்திலும் பழைய அரைமணி நேரத் தொலைக்காட்சி நாடகங்களிலும் அரங்கம் ஏழ்மையானது; ஒரு சோபா, ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி, கதவுக்கு வெளியே எப்போதும் பகல். ஆனால் அந்தச் சோபாவில் உட்கார்ந்தவர்கள் நம்மைப் போல் பேசினார்கள். ஏறத்தாழ இருபது லட்சம் பேரே கொண்ட ஒரு சமூகத்துக்கு நாடகம் எடுப்பது செலவு. வாங்கிப் போடுவது மலிவு. நம் கதையை மிகக் குறைந்த பணத்தில் எடுத்தும் காட்ட முடியும் என்பதற்கு 2015-இல் வந்த ‘ஜகாட்’ திரைப்படம் சான்று. தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்தின் சிறுவன் ஒருவனை அதில் கண்டேன். என் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவன்தான் அவன்.

அந்தக் கூட்டத்துக்கு அம்மாவையும் அழைத்துச் சென்றிருந்தேன். மகன் பேசுவதைக் கேட்க வந்தவர் முன்வரிசையில் இருந்தார். வீடு திரும்பும் வழியில் காரில் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் வந்து, செருப்பைக் கழற்றி வைத்து, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: “நல்லாத்தான் பேசின தம்பி. தோட்டத்துல இருந்தப்ப சாயங்காலம் ஆனா வாசல்ல உட்காருவோம். எதிர் லயத்துக்காரி வருவா, பெரியாச்சி வருவா, யாரு வீட்டுல என்னன்னு பேசுவோம். இங்க கதவச் சாத்திக்கிறாங்க. நீ செய்தி பாக்குற, உன் பொண்டாட்டி நோட்டுப் புத்தகம் திருத்துறா, பிள்ளைங்க டியூசன். அந்த நேரத்துல வேற யாரு என்கிட்ட தமிழ்ல பேசுறா?”

எனக்கு விடை தெரியவில்லை. அதற்குப் பிறகும் தொடர்களைக் குறை கூறியிருக்கிறேன். ஆனால் மேடையில் அந்தச் சொற்றொடரை மீண்டும் பயன்படுத்தவில்லை. தொடர் பார்க்கும் பெண்களுக்கு நாட்டு நடப்புத் தெரியாது என்று சிலர் ஏளனம் செய்வதுண்டு, நானும் செய்தவன். 2007 நவம்பர் 25-ஆம் நாள், ஞாயிறு, கோலாலம்பூர் வீதிகளில் பல்லாயிரக்கணக்கான நம்மவர்கள் கூடிக் கண்ணீர்ப்புகையையும் நீர்ப்பீரங்கியையும் சந்தித்தார்கள். மறுநாள் மாலை தொடர் தொடங்கும் நேரத்தில், ரிமோட்டை எடுத்து என்னிடம் நீட்டியவர் அம்மா. “இன்னிக்கு அழறதுக்கு அது வேணாம். செய்தியப் போடு” என்றார். இரண்டு மணி நேரம் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்தவர் யாரும் அடிபட்டிருக்கிறார்களா என்று தேடினார் போலும்.

கடைசியாக ஒன்று. 2024 ஜனவரி 25-ஆம் நாள் மாலை ஏழரை மணி. கத்தார் நாட்டில் ஆசியக் கிண்ணப் போட்டி. மலேசியாவுக்குக் கடைசிக் குழு ஆட்டம். முதல் இரண்டிலும் தோற்று வெளியேறியாகிவிட்டது. எனவே இந்த ஆட்டத்தால் பயன் ஒன்றும் இல்லை. எதிரே தென் கொரியா. அம்மாவுக்கு வயது எண்பத்தொன்பது. அவருடைய தொடருக்கு அதே நேரம். நான் வாய்திறந்து கேட்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்தேன். “யாரோட ஆட்டம்?” என்றார். “கொரியாவோட அம்மா.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ரிமோட்டைக் கொடுத்தார்.

கொரியா முதலில் அடித்தது. பிறகு நாம் இரண்டு அடித்தோம். அவர்கள் இரண்டைத் திருப்பினார்கள். மூன்றுக்கு இரண்டு என்று கொரியா முந்தியிருக்க, நடுவர் கூட்டிய நேரமும் முடியப்போகிறது. அம்மா நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். நூற்றைந்தாவது நிமிடத்தில், கொலம்பியாவில் பிறந்து நம் குடியுரிமை பெற்ற ரோமெல் மொராலஸ் பந்தை வலைக்குள் தள்ளினார். மூன்றுக்கு மூன்று. எழுபது வயதுக் கிழவன் நான் எழுந்து கத்தினேன். கீழ் மாடியில் யாரோ கத்தினார்கள். எதிர்ப்பக்கத்துக் கட்டடத்திலும் கத்தினார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் எங்கள் தாழ்வாரத்தில் மூன்று வீட்டுக் கதவுகள் ஒரே நேரத்தில் திறந்தன.

அம்மா கண்ணைத் திறந்தார்.

“ஜெயிச்சிட்டாங்களா தம்பி?”

“சமம் அம்மா. கொரியாவோட சமம்.”

அவர் என் முகத்தையே பார்த்தார். அப்பா மறுநாள் பெரட்டுக்கு எழாத அந்தக் காலையை நினைத்தாரோ என்னவோ.

“இந்தத் தடவையாவது அனுப்புவாங்களா?” என்று கேட்டார்.